காற்றுக்கு வழிவிடும் கவசம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், தென்மேற்குப் பருவமழை பெரிதும் எட்டாத பகுதியில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் இணைக்கும் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில், சித்திரை வெயிலில் இருசக்கர வாகனம் ஓட்டுவோர் பெரும்பாலும் பருத்திச் சட்டையும் செருப்புமாகவே செல்கின்றனர். இதை வெறும் அலட்சியம் என்று கூறிவிட இயலாது. குளிர்நாடுகளின் தேவைக்கென உருவான கனத்த தோல் மேலங்கியை இவ்வெயிலில் அணிந்தால் உடல் சூடேறிக் கவனம் சிதறும். அதுவே விபத்துக்கு வழிவகுக்கும். ஆகவே வெப்பநாட்டுக்குரிய உடையைத் தேர்வதற்கு, உடல் எவ்வாறு குளிர்கிறது, விழுந்தவர் உடலுக்கு என்ன நேர்கிறது என்னும் இரண்டையும் சேர்த்தே அறிய வேண்டும்.

மனிதத் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரை இருக்கும். காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை உடலின் சூட்டை அது கவர்ந்து செல்லும். அதைவிடச் சூடாகிவிட்டால் வீசும் காற்றே உடலுக்குச் சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்நிலையில் உடலைக் காப்பது வியர்வை ஆவியாதல் ஒன்றே; ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது. எனவே உடையைக் கழற்றுவது தீர்வாகாது. வெயிலைத் தடுத்து, வியர்வை உலர்வதற்கு வேண்டிய அளவு காற்றை மட்டும் உள்ளே விடும் உடையே தேவை.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் விழுபவர், உடைக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.6 எனக் கொண்டால், ஏறத்தாழ 16 மீட்டர் தொலைவு சறுக்கிய பிறகே நிற்பார். சாதாரணச் சட்டை அத்தொலைவின் தொடக்கத்திலேயே கிழிந்துவிடும்.

இவ்விரு தேவைகளையும் இணைக்கும் முயற்சியில் பிறந்ததே 'மெஷ்' எனப்படும் வலைத்துணி மேலங்கி. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியில், நூல்களுக்கிடையே இடைவெளி விட்டிருப்பதால் காற்று தடையின்றிப் புகுவதைக் காணலாம். வலைத்துணியின் அடிப்படையும் அந்த இடைவெளியே, ஆனால் இங்கு நூல் தடித்த பாலியெஸ்டர் அல்லது நைலான் இழையாகும். (வெறும் சட்டையோடு விழுபவர் கடைசியில் வந்து சேர்வதும் சத்திரப்பட்டித் துணியிடம்தான் என்பது வேறு செய்தி.) பாலியெஸ்டர் ஏறத்தாழ 250 பாகையில் உருகத் தொடங்கும், சறுக்கும்போது எழும் உராய்வுச் சூட்டில் இழைகள் உருகி அறுந்துவிடக்கூடும். ஆகவே முதலில் தரையைத் தொடும் தோள், முழங்கை ஆகிய இடங்களில் நெருக்கமாக நெய்த 500 அல்லது 600 டெனியர் துணி தைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெனியர் என்பது 9,000 மீட்டர் இழையின் எடை கிராமில். நூற்பாலைகள் நிறைந்த இராஜபாளையத்துக்காரர்களுக்கு இவ்வகை அளவு புதிதன்று.

ஐரோப்பாவின் இஎன் 17092 தரநிலை, உடைகளை அவற்றின் உறுதிக்கேற்ப ஏ, ஏஏ, ஏஏஏ எனத் தரம் பிரிக்கிறது. வலைத்துணி உடைகளில் பெரும்பாலானவை கீழ்நிலையான ஏ பிரிவைச் சார்ந்தவை. எனினும் அன்றாடம் பணிக்குச் சென்று திரும்புபவர், வெயிலுக்கு அஞ்சி வீட்டிலேயே விட்டுச்செல்லும் ஏஏஏ உடையைவிட அதையே வாங்குவது அறிவுடைமை. தோளிலும் முழங்கையிலும் உள்ளே வைக்கப்படும் அடிதாங்கும் பட்டைகளில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இஎன் 1621-1 தரநிலையின் முதல் நிலைப் பட்டை, தன்மேல் விழும் அடியில் சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேற்படாத விசையையே உள்ளே கடத்தும். இரண்டாம் நிலைக்கு வரம்பு 20. மலிவான மேலங்கிகளில் அவ்விடத்தில் வெறும் ஸ்பாஞ்ச் வைத்து விற்பதுண்டு என்பதால், பட்டையை வெளியே எடுத்து அதில் பதித்த தரக்குறியைப் படித்துப் பார்ப்பதே முறை. கடையிலேயே கையை ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் மடக்கும்போது பட்டை முழங்கையை விட்டு நழுவினால், அந்த அளவு பொருந்தவில்லை என்று பொருள்.

தலைக்கவசத்துக்கு ஐஎஸ் 4151 தரமும் ஐஎஸ்ஐ முத்திரையும் 2021 ஜூன் முதல் கட்டாயம். கணுக்காலை மூடும் ஷூவும் கையுறையும் வேண்டும். காற்றில் பறக்கும் துப்பட்டா, சேலைத் தலைப்பு, வேட்டி நுனி ஆகியவை சக்கரத்தில் சிக்காமல் செருகப்பட வேண்டும்.

வெப்பம் 40 பாகையை நெருங்கும் வறண்ட நண்பகலில் உள்ளே அணியும் பருத்தி பனியனை நனைத்துக்கொண்டு, மேலங்கியின் ஜிப்பை முழுதும் திறக்காமல் ஓட்டினால் ஈரம் மெல்ல ஆவியாகி நெடுநேரம் குளிர்ச்சி தரும். தூத்துக்குடிப் பக்கம் கடற்காற்றின் ஈரப்பதத்தில் இவ்வழி அவ்வளவாகப் பயன்படாது. அங்கு காற்றுப் பாதைகள் அனைத்தையும் திறந்துவிடுவதே மேல்.