முற்றுப்புள்ளி: பெயரும் பயனும்

தமிழில் புள்ளி இருவகைப் பணி ஆற்றுகின்றது. ஒன்று எழுத்தின்மேல் நிற்பது. மற்றொன்று தொடரின் இறுதியில் நிற்பது. முன்னது தொன்மையானது. மெய்யெழுத்திற்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் தொல்காப்பியம் புள்ளி விதித்துள்ளது. பின்னது அச்சுக்காலத்தில் வேரூன்றியது.

ஓலைச்சுவடிகளில் எழுத்துப்புள்ளி பெரும்பாலும் இடப்பெறவில்லை. கோவளம் என்னும் ஊர்ப்பெயர் அவற்றில் ‘கொவளம’ என்றே நிற்கும். நெடிலையும் மெய்யையும் படிப்போரே இடம் நோக்கி உணர்தல் வேண்டும். எகர ஒகர நெடில்களுக்கு வேறு வடிவம் அமைத்து இம்மயக்கத்தின் ஒரு கூற்றை நீக்கியவர் வீரமாமுனிவர் (1680–1747) என்பர். தொடர் முடிவிற்கோ, வினைமுற்றும் ஈற்றசையும் யாப்புமே பெரிதும் எல்லை காட்டின.

கிரேக்க நூல்களில் நிறுத்தம் காட்டப் புள்ளியிட்டவர் அலெக்சாந்திரிய அறிஞர் அரிசுடோபனீசு. அவர் காலம் கி.மு. 200ஐ ஒட்டியது. அவர் முறையில் மேலே இட்ட புள்ளி, கருத்து முடிந்ததைக் குறித்தது. அவ்வழி வளர்ந்த ஐரோப்பியக் குறிகள் அச்சுடன் தமிழுக்கு வந்தன. அவற்றைத் தம் உரைநடையில் ஒழுங்குற ஆண்டு நிலைபெறச் செய்த சிறப்பு ஆறுமுக நாவலர்க்கு (1822–1879) உரியது.

குறிகள் பிறமொழியின, பெயர்களோ நம்முடையன. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்பன நிறுத்தத்தின் அளவைப் படிப்படியாகச் சுட்டுகின்றன. ஒலியை மாத்திரையால் அளந்த மரபிற்கு இஃது இயைந்ததே. ஆயினும் இக்குறிகளின் பயன் மூச்சு நிறுத்தத்தோடு அமைவதன்று, பொருளையும் வரையறுக்கின்றன.

‘கோவளம் வந்தார் வணிகர் சென்றார்’ என்னும் தொடரைக் காண்க. ‘வந்தார்’ என்பதன்பின் புள்ளியிடின், வந்தவர் ஒருவர், சென்றவர் வணிகர். ‘வணிகர்’ என்பதன்பின் இடின், வந்தவரும் சென்றவரும் வணிகரே. சொல் மாறவில்லை, பொருள் மாறிற்று.

ஆதலின் பழைய மூலத்திற் குறியிடுதல் உரை எழுதுதலோடு ஒக்கும். கோவளத்திற்குத் தெற்கே சாளுவன்குப்பத்தில், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்டறியப்பெற்று அகழப்பட்ட முருகன் கோயிலில் கல்வெட்டுகள் உள. அவைபோன்றவற்றைப் படியெடுக்கும் மாணவர், கல்லில் உள்ள புள்ளியையும் தாம் இட்ட புள்ளியையும் வேறுபடுத்திக் காட்டுதல் கடன். காட்டாவிடின், நம் கருத்தே மூலத்தின் கருத்தாகப் பின்வருவோர்க்குச் சென்று சேரும். முற்றுப்புள்ளி ஆய்வை முடித்துவைப்பதன்று. எங்கு இடுவது என்னும் வினாவே ஆய்வின் தொடக்கம் என்க.