நத்தையை ஒழிக்க வந்த நத்தை

மாரி மழை தொடங்கியதும் தோட்டங்களில் ஏறிவரும் பெரிய நத்தையை நாமெல்லோரும் அறிவோம். பப்பாசிக் கன்றையோ மரக்கறி நாற்றையோ அது விட்டுவைப்பதில்லை. கிழக்கு ஆபிரிக்காவுக்குரிய இந்த நத்தை 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்தது. 1967இல் அது பசுபிக் சமுத்திரத்தின் நடுவே, பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட தாகித்தித் தீவையும் அடைந்தது. அங்கு பின்னர் நடந்தவை, நிலத்தை நம்பி வாழும் எவரும் அறிந்திருக்க வேண்டியவை.

தாகித்தியிலும் அருகிலுள்ள மூரேயாவிலும் பார்ட்டுலா எனப்படும் சிறு நத்தைகள் காட்டு மரங்களில் வாழ்ந்தன. நீளம் ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர்தான். வாடிய இலையும் பாசியும் பூஞ்சணமுமே அவற்றின் உணவு. பயிருக்கு அவற்றால் கேடில்லை. முட்டையிடாமல், ஒரு தடவைக்கு ஒரு குஞ்சாக ஈனும். தீவுக்குத் தீவு, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு அவற்றின் நிறமும் வடிவமும் வேறுபட்டன. அத்தீவுக்கூட்டத்தில் ஏறக்குறைய 60 இனங்கள் இருந்தன. அவற்றின் ஓடுகளைக் கோத்து அங்குள்ள பெண்கள் மாலை செய்தனர்.

ஆபிரிக்க நத்தை பயிர்களை அழிக்கவே, அதை உண்ணும் இன்னொரு நத்தையைக் கொண்டுவரத் தீர்மானித்தார்கள். அமெரிக்காவின் புளோரிடாவுக்குரிய ஓநாய் நத்தை 1974இல் தாகித்தியிலும் 1977இல் மூரேயாவிலும் விடப்பட்டது. பிற நத்தைகள் ஊர்ந்துசென்ற ஈரத்தடத்தைப் பின்தொடர்ந்து பிடித்து உண்பது அதன் வழக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் அது பெரிய நத்தையோடு நிற்காமல், மரத்திலேறிச் சிறிய பார்ட்டுலாவையும் தேடியது. பத்தே ஆண்டுகளில் மூரேயாவின் பார்ட்டுலாக்கள் ஏறக்குறைய முற்றாக அழிந்தன. ஆபிரிக்க நத்தையை அது ஒழித்தது என்பதற்கோ உறுதியான சான்று கிடைக்கவில்லை.

1980களில் விஞ்ஞானிகள் எஞ்சியவற்றுள் சிலவற்றைச் சேகரித்து, இலண்டன், எடின்பரோ முதலிய மிருகக்காட்சிச்சாலைகளில் வளர்த்தனர். எல்லா இனங்களும் தப்பவில்லை. ஓர் இனத்தின் கடைசி நத்தை 1996இல் இலண்டனில் இறந்தது. தப்பியவற்றை 2015 முதல் சொந்தத் தீவுகளில் விட்டு வருகிறார்கள். அடையாளத்துக்காக ஒவ்வொன்றின் ஓட்டிலும் ஒரு வர்ணப் புள்ளி இடப்படுகிறது. 2024இல் மூரேயாக் காட்டில் புள்ளியில்லாத வளர்ந்த நத்தைகள் காணப்பட்டன. அவை கண்ணாடிப் பெட்டியில் அல்ல, தம் இனத்தின் சொந்த மண்ணிலேயே பிறந்தவை. இதற்கு நாற்பது ஆண்டுகள் சென்றன.

அழிக்க எடுத்த காலம் பத்து ஆண்டு. மீட்க எடுத்த காலம் அதன் நான்கு மடங்கு. ஆகவே, பீடையை உண்ணும் என்று எவரேனும் புதிய உயிரொன்றைத் தந்தால், 'பீடை தீர்ந்தபின் இது எதை உண்ணும்?' என்று முதலில் கேட்போம்.

பெரிய நத்தைக்கு எளிய வழிகள் உண்டு. மாலையில் ஈரச் சாக்கைத் தோட்டத்தில் விரித்து, அதன் கீழ் பப்பாசி இலையை இட்டு வைத்தால், விடியுமுன் நத்தைகள் அங்கு கூடும். அவற்றை வெறுங்கையால் தொடாமல் பொறுக்கி அழிக்கலாம். அது ஒரு தடவையிலேயே 100க்கு மேற்பட்ட முட்டைகளை மண்ணில் இடக்கூடியது. எனவே இடம் மாறும்போதும் ஊர் திரும்பும்போதும், கன்றுகளோடு கொண்டுசெல்லும் மண்ணைக் கிளறிப் பார்த்துக் கொண்டுசெல்வோம்.