பாட்டிக்குச் சொந்த ஊரிலேயே ஓர் இடம் வேண்டும்!

வயதானவர்களைக் கவனிப்பது என்றால் என்ன? வேளைக்கு மாத்திரை, வேளைக்குச் சாப்பாடு, சுத்தமான படுக்கை. இவ்வளவும் இருந்தால் போதும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இவ்வளவும் இருந்தும் ஒரு பாட்டி யாரிடமும் வாய் திறக்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? கனடாவின் வடகோடியிலிருந்து வரும் மக்கள் பிரதிநிதிகள், தங்கள் சபைகளில் வருஷக்கணக்காகக் கேட்டுவரும் கேள்வி இதுதான்.

அந்த வடகோடிக்கு நூனவுட் என்று பெயர். 'எங்கள் நிலம்' என்று அர்த்தமாம். இனூயிட் மக்களின் பூமி. 1999 ஏப்ரல் 1-ந் தேதி தனிப் பிரதேசமாயிற்று. பரப்பு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். ஜனத்தொகையோ 2021 கணக்குப்படி 37,000-க்கும் சற்றுக் குறைவு! இருபத்தைந்து ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ரோடே கிடையாது, விமானம்தான். ஆஸ்பத்திரி என்று சொல்லத் தலைநகர் இக்கலூயிட்டில் ஒன்றுதான் உண்டு. மற்ற ஊர்களில் நர்ஸுகள் நடத்தும் சுகாதார நிலையம். டாக்டர் அவ்வப்போது விமானத்தில் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

பிரசவத்துக்கும் விமானம்

தங்கையின் பிரசவத்துக்கு உதவியாக நான் 2023-ல் ஒட்டாவாவில் சில மாதங்கள் இருந்தேன். பத்தியச் சமையலும் குழந்தைக் குளியலுமாகப் பொழுது போகும். மத்தியானத்தில் டி.வி.யில் பாராளுமன்ற நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும். அதில்தான் லோரி இட்லவுட் என்ற அம்மாளைப் பார்த்தேன். நூனவுட் முழுவதற்கும் ஒரே எம்.பி. அவர்தான். திடீரென்று தம் தாய்மொழியான இனுக்டிடூட்டில் பேச ஆரம்பித்தார். மற்ற அங்கத்தினர்கள் மொழிபெயர்ப்பைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். நூனவுட்டின் பெரும்பாலான ஊர்களில், கர்ப்பிணிகள் பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்னாலேயே ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். இக்கலூயிட்டுக்கோ, இன்னும் தெற்கே ஒட்டாவா, வின்னிபெக் போன்ற நகரங்களுக்கோ போய்த் தங்கிக் காத்திருக்க வேண்டும். மூத்த குழந்தைகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. தங்கைக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வேண்டுமென்றாலும் ஓட நான் இருந்தேன். அந்தப் பெண்களை நினைத்தபோது மனசு என்னவோ செய்தது.

போனவர்கள் திரும்பவில்லை

பிரசவத்துக்குப் போகிறவள் குழந்தையோடு திரும்பிவிடுவாள். வயதானவர்கள் கதை அப்படியில்லை. மறதி நோய் முற்றி, இரவும் பகலும் ஆள் தேவைப்படுகிற முதியவர்கள் பலரை ஒட்டாவாவிலுள்ள இல்லத்துக்கு அனுப்பி வந்தார்கள். இக்கலூயிட்டிலிருந்தே இது 2,000 கிலோமீட்டருக்கு மேல். மகனோ பேத்தியோ நினைத்தபோது வந்து பார்க்க முடிகிற தூரமா இது?

இதிலே இன்னொரு பழைய வேதனையும் உண்டு. 1940-களிலிருந்து 1960-கள் வரை, காசநோய் கண்ட இனூயிட் மக்களைக் கப்பலில் ஏற்றித் தெற்கே சானிடோரியங்களுக்குக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவேயில்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூடச் சில குடும்பங்களுக்குத் தெரியாது. 2019 மார்ச்சில் அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இக்கலூயிட்டுக்கே போய் இதற்காக மன்னிப்புக் கேட்டார். சிறு வயதில் அந்தப் பிரிவைப் பார்த்தவர்கள்தாம் இன்றைய பாட்டி, தாத்தாக்கள். 'தெற்கே போக வேண்டும்' என்றால் அவர்களுக்கு எப்படி இருக்கும்!

தங்கை வீட்டுக்கு அடுத்த வீட்டில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். அவளிடம் இதைக் கேட்டேன். "மருந்து குடுக்கிறது கஷ்டமில்லை அக்கா. அந்த அம்மா என்ன கேக்கிறா எண்டு எங்களுக்கு விளங்கேல்லை. அதுதான் கஷ்டம்" என்றாள்.

மறதி நோய் வந்தவர்களுக்குப் பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவும். தாய்மொழி கடைசிவரை ஓரளவு நிற்கும் என்பார்கள். நாக்கின் ருசியும் அப்படித்தான். மான் இறைச்சியும், சீலும், பனிக்கடல் மீனும் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு உருளைக்கிழங்கு மசியலை வைத்தால் எப்படி இறங்கும்? தட்டு திரும்பி வரும். உடம்பு இன்னும் இளைக்கும்.

விடாமல் கேட்ட பெண்கள்

இட்லவுட்டுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் முமிலாக் காக்காக். 2019-ல் ஜெயித்தபோது அவருக்கு வயது 25தான். ஊர் ஊராகப் பறந்து, வீடு வீடாக ஏறி இறங்கினார். பூஞ்சை படர்ந்த சுவர்கள், ஒரே வீட்டில் நெருக்கியடித்துப் படுக்கிற குடும்பங்கள் எல்லாவற்றையும் எழுதி 2021-ல் அறிக்கையாகவே வெளியிட்டார். நெருக்கமான வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் எல்லோருக்கும் ஆபத்து. பாட்டியை வைத்துப் பார்க்க ஆசையிருந்தாலும் கட்டில் போட இடமில்லை. ஆகவே வீடும் வைத்தியமும் முதியோர் நலமும் வேறு வேறு இல்லை. 2021-ல் அவர் மறுபடி நிற்கவில்லை. இட்லவுட் வந்தார், அதே குறைகளை எடுத்துச் சொன்னார்.

நூனவுட்டின் சொந்தச் சட்டசபையிலும் இதே குரல்தான். அங்கே கட்சிகளே கிடையாது. ஒவ்வோர் அங்கத்தினரும் தம் ஊர்க் குறையைச் சொல்லலாம். 2021-ல் அமைந்த அரசு, முதியவர்கள் நூனவுட்டிலேயே கௌரவமாக வாழ்வதைத் தன் முக்கிய லட்சியங்களில் ஒன்றாக வைத்தது. ராங்கின் இன்லெட் என்ற ஊருக்கு 24 படுக்கைகள் கொண்ட முதியோர் இல்லம் திட்டமிடப்பட்டது. கட்டடம் மட்டும் போதாது. அதில் வேலை செய்ய மொழி தெரிந்த உள்ளூர்ப் பெண்களும் வேண்டும். நூனவுட் ஆர்க்டிக் கல்லூரியில் நர்ஸிங் பயிற்சி தருவதும் அதற்குத்தான் உதவும்.

நாமும் செய்யக்கூடியவை

சகோதரிகளே, நம் வீட்டுப் பெரியவர்களையும் வெளியூர் ஆஸ்பத்திரியிலோ இல்லத்திலோ விட நேரலாம். அப்போது:

* அவர் தண்ணீர், வலி, பாத்ரூம் இவற்றுக்குச் சொல்லும் வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி நர்ஸிடம் கொடுங்கள்.
* எந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்பதையும் எழுதுங்கள்.
* டாக்டரைக் கேட்டுக்கொண்டு, வாரத்தில் ஒரு நாளாவது பழகின சாப்பாடு கொடுங்கள்.
* தினம் ஒரே நேரத்தில் போன் செய்து அவர் மொழியிலேயே பேசுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. குரல் போய்ச் சேரும்.

மருந்து எங்கும் கிடைக்கும். "சாப்பிட்டாயா?" என்று தன் பாஷையில் கேட்கிற ஒரு குரல் எல்லா இடத்திலும் கிடைக்காது. அதை ஒரு சபையில் எழுந்து நின்று கேட்க வேண்டியிருக்கிறதே என்று வருத்தம்தான். கேட்பதற்கு ஆள் இருக்கிறார்களே என்று சந்தோஷமும்கூட.