பழைய மோட்டார் வண்டிகளும் மண்ணெண்ணெயும்

பழைய மோட்டார் வண்டிகளைத் தேடிப் பெற்று, செப்பனிட்டு, ஓட்டி, பிறர் காண நிறுத்தி மகிழ்வோர் உலகெங்கும் உளர். அவர்தம் முயற்சியைச் செல்வர்தம் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோர் நம்மிடையே பலர். யானும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதியிருந்தேன். ஆயினும், கொழும்பிலே ஒரு காட்சித் திடலில் என் பெரியப்பாவின் காரை எதிர்பாராது காண நேர்ந்த நாள்முதலாக ஒரு வினா என்னைவிட்டு அகலவில்லை. பழைய வண்டியொன்றின் உண்மை வடிவம் யாது? தொழிற்சாலையினின்றும் வெளிவந்த அன்று அது கொண்டிருந்த வடிவமா, அன்றி அதனை வைத்துப் பிழைத்தோர் கையில் அது பெற்ற வடிவமா?

இவ்வினாவினுட் புகுமுன் இப்பொழுதுபோக்கின் வரலாற்றைச் சிறிது அறிதல் நன்று. இங்கிலாந்திலே மோட்டார் வண்டிகளின் வேகத்துக்கு இடப்பட்டிருந்த கடுந்தடைகள் 1896ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தளர்த்தப்பட்டபோது, அம்மகிழ்ச்சியைக் கொண்டாடும் முகமாகச் சிலர் இலண்டனிலிருந்து பிறைற்றன் கடற்கரை வரை தம் வண்டிகளைச் செலுத்தினர். அந்நிகழ்ச்சியின் நினைவாக 1927ஆம் ஆண்டில் மீண்டும் ஓர் ஓட்டம் நடந்தது. 1905ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட வண்டிகளே இன்று அதிற் கலந்துகொள்ளலாம். ‘விண்டேஜ்’ என்னும் சொல்லை நாம் பழையன யாவற்றுக்கும் வழங்குகின்றோம். ஆங்கில ஆர்வலரோ 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவற்றுக்கே அதனை உரியதாக்கினர். பிற்காலத்தனவற்றுக்குக் ‘கிளாசிக்’ என்பது பெயர். இந்தியாவிலே ‘ஸ்ரேற்ஸ்மன்’ பத்திரிகையார் 1964ஆம் ஆண்டில் டில்லியில் இத்தகைய ஊர்வலத்தைத் தொடங்கினர். கோயம்புத்தூரில் 2015ஆம் ஆண்டு முதல் ஜீடி கார் அருங்காட்சியகம் உள்ளது. நம் நாட்டிலும் பழங்கார் உரிமையாளர்க்கெனக் கழகங்கள் உண்டு.

இவ்வார்வலருள் இருவகையினரைக் காணலாம். ஒரு சாரார் வண்டியைத் தம் விருப்பிற்கேற்ப மாற்றுவோர். மொறிஸ் மைனருக்கு யப்பானிய எஞ்சினைப் பொருத்தி ஓட்டுவோர் நம்மிடையேயும் உளர். மற்றொரு சாரார் எதனையும் மாற்றலாகாதென்போர். வர்ணத்தின் சாயல், இருக்கைத் தோலின் தையல், ஆணித்தலையின் வடிவு வரை யாவும் முதனாளில் இருந்தவாறே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பின்னவர் நோக்கிலேயே காட்சிகளில் நடுவர் பலர் புள்ளியிடுகின்றனர்.

எனினும் ‘முதல் வடிவம்’ என்பதுதான் எத்துணை உறுதியானது? மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டிலே இலண்டன் காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. அதற்குச் சிறிது காலத்துக்கு முன்னர், தாம் அமைத்த மாதிரி வண்டி ஒடுக்கமாய்த் தோன்றுகின்றதெனக் கருதிய அவர், அதனை நெடுக்கே இரண்டாக அறுப்பித்து, நான்கு அங்குலம் விலக்கி மீளப் பொருத்துவித்தார். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அவ்வறுப்பின் சுவடேயாகும். முன்னரே செய்து வைத்திருந்த பம்பர்களும் வீணாகாவண்ணம் நடுவே வெட்டி ஒட்டுத்துண்டு வைத்துப் பொருத்தப்பட்டன. ஆகவே முதன்முதல் விற்பனையான மைனரே வெட்டி ஒட்டிய வண்டிதான்! அதன் எஞ்சினும் 918 கன சென்ரிமீற்றரில் தொடங்கி, 803, 948, 1098 என மாறி வந்தது. பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டபின் 1971ஆம் ஆண்டில் அவ்வுற்பத்தி முடிவுற்றது.

இலங்கையிலே இக்கார்கள் நெடுங்காலம் வாழ்ந்தமைக்குக் காரணம் அவற்றின்மேல் நாம் கொண்ட காதல் அன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி அருகியபோது கார் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. 1977ஆம் ஆண்டில் வாணிபம் திறந்துவிடப்படும் வரை, உள்ள காரை ஓட்டுவதன்றி வேறு வழி பெரும்பாலோர்க்கு இருந்ததில்லை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலியவை இவ்வாறு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. இலக்கத் தகட்டைக் கொண்டே அவற்றின் வயதை ஒருவாறு கூறிவிடலாம். 1957ஆம் ஆண்டுக்கு முன் பதிவானவை ஆங்கில எழுத்துகளைத் தாங்கியவை; அதன்பின் பதிவானவை சிங்களச் ‘சிறீ’யைத் தாங்கியவை. அவ்வோரெழுத்தின் பொருட்டுத் தமிழ்ப் பகுதிகளில் எழுந்த கிளர்ச்சியை மூத்தோர் அறிவர். இன்று ஆங்கில எழுத்துத் தகடுள்ள காருக்கு ஆர்வலரிடையே மதிப்பு மிகுதி.

எங்கள் சம்பூரிலே கார்கள் மிகச் சிலவே. கொட்டியாரக்குடாவின் தென்கரையில் இருந்துகொண்டு எதிரே திருகோணமலை நகரைக் கண்ணாற் காணலாம்; ஆனால் காரிலே அங்குச் செல்வதாயின் ஆற்றுவாய்களைப் ‘பாதை’ என்று நாம் வழங்கும் மிதவைகளில் ஏற்றிக் கடத்தல் வேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009ஆம் ஆண்டிலேதான். பத்திரகாளி அம்மன் கோயிற் பொங்கலுக்கும், கலியாண ஊர்வலத்துக்கும், பேறுகால வேதனைக்கும் அழைக்கப்பட்ட வாடகை மைனர் ஒன்று என் இளமைக்காலத்தில் இருந்தது. 2006ஆம் ஆண்டில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் நாங்கள் மீண்டும் குடியேறியபோது வீடுகளே இல்லை, காரைப்பற்றிக் கேட்பானேன்? எனவே இக்கட்டுரையில் யான் விரிவாகக் கூறக்கூடிய கார் சம்பூர்க் கார் அன்று, யாழ்ப்பாணத்தில் ஓடியது.

1990ஆம் ஆண்டுக் கலவரத்தில் எங்கள் குடும்பம் யாழ்ப்பாணம் சென்று பெரியப்பா வீட்டில் தங்கியது. அவரிடம் ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் கார் ஒன்று இருந்தது. 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட அவ்வகைக்கு 1200 கன சென்ரிமீற்றர் எஞ்சின். முற்புறத்தில் சிறகு விரித்த ‘ஏ’ எழுத்துச் சின்னம். வாடகைக்கு ஓட்டியே அவர் சீவனம் நடத்தினார். அவ்வாண்டு நடுப்பகுதியில் போர் மூண்டதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருதல் தடைப்பட்டது. கள்ளமாகக் கிடைத்த பெற்றோல் போத்தற் கணக்கில் பொன்விலைக்கு விற்றது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இது எவ்வாறு இயன்றது?

பெற்றோல் மிக எளிதில் ஆவியாவது. குளிர்ந்த எஞ்சினிலும் காபரேற்றர் வழியே காற்றுடன் கலந்து, ஒரு தீப்பொறியிற் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெயோ 150 பாகை அளவில்தான் கொதிக்கத் தொடங்குவது. குளிர்ந்த எஞ்சினுள் அது துளிகளாகவே நிற்கும். தீப்பொறி அதனைப் பற்றாது. எனவே முதலில் சிறிது பெற்றோல் கொண்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறுதல் வேண்டும். மேலைநாட்டு உழவர் இவ்வுண்மையை முன்னரே அறிந்திருந்தனர். பெர்குசன் முதலிய உழவு இயந்திரங்களுள் ஒரு வகை, பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் ஓடுமாறே செய்யப்பட்டது.

இரண்டாவது இடர் தட்டல். உருளையினுள் கலவையை முசலம் நெருக்கும்போது, மண்ணெண்ணெய் தனக்குரிய வேளைக்கு முன்னரே தானாகப் பற்றி வெடிக்கும் இயல்புடையது. இரும்பைச் சுத்தியலால் அடித்தாற்போன்ற ஒலி எழும். நாளடைவில் முசலம் பழுதாகும். நெருக்கல் விகிதம் குறைவாயின் இத்தொல்லையும் குறையும். இற்றைநாட் கார்களில் அவ்விகிதம் பத்துக்கு ஒன்று, அதற்கு மேலும் உண்டு. பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களிலோ ஏழுக்கு ஒன்று என்னும் அளவே. உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் பிரித்தானியாவில் தரமான பெற்றோல் கிடையாமையால் அவை அவ்வாறு அமைக்கப்பட்டன. ஒரு நாட்டின் பஞ்சத்துக்கென அமைந்த எஞ்சின் நாற்பது ஆண்டுகளின் பின் மற்றொரு நாட்டின் பஞ்சத்துக்கு உதவிற்று எனலாம். மேலும் இவ்வெஞ்சின்களில் கலவை உட்புகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் நெருங்கியிருப்பன. புகையின் சூடு கலவைக்கும் ஏறும். புதிய கார்கள் கொட்டிலில் உறங்க, பாட்டன் காலத்துக் கார்கள் வீதியில் ஓடியமைக்கு இவையே காரணங்கள்.

பெரியப்பாவின் காரைத் திருத்தியவர் கோண்டாவிலில் ஒரு தகரக் கொட்டிலில் வேலை செய்த மெக்கானிக். எஞ்சின் தலைக்குக் கீழ் ஒரு காஸ்கெற்றுக்குப் பதிலாக இரண்டை வைத்து நெருக்கலை மேலும் குறைத்தார். தீப்பொறி சற்றுப் பிந்தி எழுமாறு டிஸ்ரிபியூற்றரைத் திருப்பி வைத்தார். எண்ணெய் வரும் செப்புக் குழாயைப் புகைக்குழாயின்மேல் மூன்று சுற்றாகச் சுற்றினார். றேடியேற்றரின் முன் ஒரு சாக்குத்துண்டு தொங்கிற்று. ஓட்டுநர் இருக்கையின் முன்னே துளையிட்டு, மருந்துப் போத்தல் ஒன்றையும் சிறு பித்தளைக் குழாய்வாயையும் பொருத்தினார். அப்போத்தலில் உள்ளதே பெற்றோல். விடியற்காலையில் பெரியப்பா அவ்வாயைத் திறந்து, மனத்துள் எண்ணியெண்ணிச் சில துளிகளே விடுவார். அவ்வேளையில் வீட்டில் எவரும் அவருடன் பேசுதல் கூடாது.

இதன் கேடுகளையும் மறைத்தல் ஆகாது. எரியாத மண்ணெண்ணெய் முசலத்தைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயுடன் கலந்துவிடும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும்! அதனை மகிழ்ச்சிக்குரியதென்று நம்பியவர் சில வாரங்களில் எஞ்சினை இழந்தனர். புகையோ கண்ணைக் கரிக்கும். பின்னிருக்கையில் ஏறியவர் இறங்கும்போது கருவாட்டுக்குப் புகையூட்டியதுபோல் மணப்பர். சூடான புகைக்குழாயின்மேல் எண்ணெய்க்குழாயைச் சுற்றுவது தீயோடு விளையாடுவதேயாகும். வேறு வழியில்லாக் காலத்துச் செயல் அது.

அதே 1990களில் தென்னிலங்கையில் நிகழ்ந்த ஒன்றையும் இங்குக் குறிப்பிடல் தகும். இங்கிலாந்திலே பனிக்காலத்தில் வீதிகளில் உப்பைத் தூவுவதால் மைனர் கார்களின் அடித்தகடுகள் துருப்பிடித்து உதிர்ந்தன. பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பார், இலங்கையர் ஒருவருடன் கூடி இந்நாட்டிலே ஒரு பட்டறை நிறுவி, அத்தகடுகளைச் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுப்பித்தார். ஒரே தீவின் ஒரு முனையில் ஆங்கிலேயரின் கார்கள் புத்துயிர் பெறுவதற்கான தகடுகளும், மற்றொரு முனையில் நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்வதற்கான செப்புக் குழாய்களும் கைவேலையாகச் செய்யப்பட்டன. முன்னையதை ஆங்கில நாட்டு ஆர்வலர் அறிவர். பின்னையதை எழுதி வைத்தவர் மிகச் சிலர்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியபோது அக்கார் எங்கள் முதியோர் நால்வரையும் ஒரு நோயாளியையும் சுமந்து தென்மராட்சிக்குச் சென்றது. மக்கள் நெருக்கத்தில் நடையினும் மெதுவாகவே அது நகர்ந்தது. எஞ்சின் நின்றால் மீண்டும் இயக்குதற்குப் போத்தலில் எத்தனை துளி எஞ்சியுள்ளதென்பதே பெரியப்பாவின் கவலை.

2002ஆம் ஆண்டில் கண்டி வீதி திறக்கப்பட்டபின் தெற்கிலிருந்து பழங்கார் தேடி வந்தோர் பலர். பெரியப்பா காலமானதும் அண்ணன் அதனை விற்றார். வறுமைக்கு முன் உறவு நில்லாது. பல ஆண்டுகளின் பின் ஆசிரியர் பயிற்சியொன்றுக்காகக் கொழும்பு சென்றிருந்த யான் ஒரு விடுமுறை நாளிற் காட்சித் திடலொன்றினுட் புகுந்தேன். இலக்கத் தகடு கண்ணிற் பட்டது. கார் மணப்பெண்போல் நின்றது. உரிமையாளர் பண்புடையவர். வரலாற்றைக் கேட்டதும் கதவைத் திறந்து என்னை அமரச் செய்தார். துளை இருந்த இடத்தைத் தடவினேன். ஒட்டி வர்ணம் பூசப்பட்டு வழுவழுப்பாயிருந்தது. குழாய்ச் சுற்று எங்கே என்று வினவினேன். அது தொழிற்சாலைப் பொருள் அன்றாதலாற் கழற்றி எறியப்பட்டதென்றும், இருந்தாற் புள்ளி குறையுமென்றும் கூறினார். அவரைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. அவர் வாங்கியிராவிடின் அக்கார் பழைய இரும்பாய்ப் போயிருக்கும்.

ஆயினும் அவர் கொண்ட விதி ஆர்வலருலகின் முழு விதியன்று. பழைய வண்டிகளுக்கான பன்னாட்டுச் சம்மேளனம் ஒன்று 1966ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ‘பீவா’ என்பது அதன் சுருக்கப் பெயர். 2012ஆம் ஆண்டில் அச்சம்மேளனம் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், வண்டி வழக்கமான பயன்பாட்டில் இருந்த காலத்தே அதிற் செய்யப்பட்ட மாற்றங்களை அதன் வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு பேண வேண்டுமெனக் கூறுகின்றது. காட்சிக்கென இன்று செய்யும் அலங்காரம் வேறு. பிழைப்புக்கென அன்று செய்த மாற்றம் வேறு. நம் கோயில் தேரிலும் அச்சு முறிந்தால் புதிது இடுகின்றோம், சில்லு தேய்ந்தால் மாற்றுகின்றோம், தேர் அதுவே. புதுச்சில்லைக் கண்டு இது பழைய தேரன்று எனக் கூறுவாரில்லை. ஆகவே அச்சோமசெற் காரின் உண்மை வடிவத்தில் இங்கிலாந்துத் தொழிற்சாலைக்குள்ள பங்கு கோண்டாவில் தகரக் கொட்டிலுக்கும் உண்டென்பது என் துணிபு.

கழற்றி எறிந்ததை மீட்கவியலாது. அதனைச் செய்தவரையேனும் காணலாமென்று சென்ற ஆண்டு கோண்டாவில் சென்றேன். மெக்கானிக் எண்பதைக் கடந்தவர். கண் மங்கியும் விரல்கள் தளரவில்லை. “வாருங்கோ தம்பி” என்று இருத்தி, யான் கேட்டவற்றுக்கெல்லாம் கையால் வடிவு காட்டி விடை கூறினார். ஒரு கொப்பி நிறைய எழுதிக்கொண்டேன். குழாயை மூன்று சுற்றாக ஏன் சுற்றினீர்கள் என்றும் கேட்டேன். முதலில் நான்கு சுற்றுத்தான் சுற்றினாராம். நண்பகல் வெய்யிலில் எண்ணெய் குழாயினுள்ளேயே கொதித்து ஆவியாகி, ஓட்டம் தடைப்பட்டு, கார் நடுவீதியில் நின்றுவிட்டதாம். இரண்டு சுற்றோ காலையிற் போதவில்லையாம். மோட்டார்ச் சைக்கிளுக்கு இக்கணக்கு வேறென்று கூறி, அதனைத் தம் மகனிடம் கேட்டெழுதுமாறு பணித்தார். மகன் அன்று வீட்டில் இல்லை.