வாயில் என்ன?

காலை ஆறு மணிக்கு நகரத்தின் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் சற்று நின்று பாருங்கள். ஒரு கையில் நாயின் வாரும், மறு கையில் கைபேசியுமாக ஒரு கனவான் வந்து கொண்டிருப்பார். அவருடைய கண் கைபேசியில் இருக்கும். வாரின் மறுமுனையிலுள்ள நாயின் மூக்கு சாக்கடை ஓரத்தில் இருக்கும். பார்க்கிறவர்கள் இருவரும் சேர்ந்து உலாவுவதாக நினைப்பார்கள். நாய் எதையோ கவ்வி விழுங்கிய பிறகுதான், தாம் இதுவரை தனியாக உலாவிக் கொண்டிருந்த விஷயம் அந்தக் கனவானுக்குத் தெரிய வரும்.

பிறரைக் குறை சொல்வதற்காக இதை நாம் எழுதவில்லை. அந்தக் கனவான் சாக்ஷாத் நாமேதான்.

நம் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருக்கிறது. சிப்பிப்பாறை ஜாதி, ஓட்டத்தில் கெட்டி, தீனியில் அதைவிடக் கெட்டி. ஒரு நாள் காலை, மளிகைக் கடை ஒன்றின் பின்புறச் சுவரோரமாகப் போகையில் நீல நிறக் கட்டி ஒன்றை அது வாயில் கவ்வியது. நாம் "ஐயோ! விடு, விடு!" என்று கூவிக் கொண்டு பாய்ந்து, அதன் தாடையைப் பற்றினோம். மணி நம்மை ஒரு பார்வை பார்த்தது. கட்டி தொண்டைக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும், "புளியைக் கரைத்து ஊற்றுங்கள், எதைத் தின்றிருந்தாலும் வெளியே வந்துவிடும்" என்றார் பாட்டி. ஆனால் மணி வாலை ஆட்டிக் கொண்டு நின்றது. சோறு வைத்தால் தின்றது. மறுநாளும் அப்படியே. "ஏதோ பழைய பிஸ்கோத்து" என்று மனத்தைத் தேற்றிக் கொண்டோம். நான்காம் நாள் காலையில் மணி எழுந்திருக்கவில்லை. ஈறுகள் வெள்ளைக் காகிதமாக வெளுத்திருந்தன. மூக்கிலிருந்து இரத்தம் கசிந்து கொண்டிருந்தது.

மிருக வைத்தியர் பார்த்தவுடன் கேட்ட கேள்வி: "மூன்று நாலு நாளைக்கு முன் இது என்ன தின்றது?"

அவர் விளக்கியது வருமாறு. எலிக்கு வைக்கும் இந்த மாதிரிக் கட்டிகளில் பெரும்பாலும் புரோமாடியலோன் போன்ற மருந்து இருக்கிறது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய சில பொருள்களைக் கல்லீரல் வைட்டமின் 'கே'யின் உதவியால் உற்பத்தி செய்கிறது. அந்த வைட்டமின் மறுபடியும் பயன்படாதபடி இந்த மருந்து தடுத்துவிடுகிறது. ஆனால் உடம்பில் முன்பே இருக்கும் கையிருப்பு சில நாள் தாங்கும். ஆகையால்தான் முதல் இரண்டு மூன்று நாள் நாய் சுகமாகக் காணப்படுகிறது. கையிருப்புத் தீர்ந்ததும் உள்ளும் புறமும் இரத்தம் ஒழுகத் தொடங்குகிறது.

மணிக்கு வேறொரு நாயின் இரத்தம் ஏற்றினார்கள். நாலு வாரம் தினந்தோறும் வைட்டமின் கே-1 கொடுத்து, நிறுத்திய இரண்டு நாள் கழித்து இரத்தத்தைப் பரீட்சித்து, பிழைத்தது என்று வைத்தியர் உறுதி சொன்னார். புறப்படும்போது அவர் சொன்ன வார்த்தை இன்னும் நம் காதில் இருக்கிறது: "தின்ற அன்றே, ஒரு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் வாந்தி எடுக்கச் செய்து அனுப்பியிருப்பேன்."

அன்று நாம் செய்த பிழைகள் இரண்டு. பிடுங்கப் பாய்ந்தது ஒன்று, காத்திருந்தது மற்றொன்று. இந்த இரண்டைப் பற்றியும் நேயர்களுக்குச் சொல்லவே இதை எழுதலானோம்.

முதலில், தெருவில் நாய்க்கு நஞ்சாவது எது என்று தெரிய வேண்டும். கடையில் விற்கும் விஷம் மட்டுமே விஷம் என்று எண்ணலாகாது. பூஜைக்குப் பறிக்கும் அரளியின் இலை, பூ, பட்டை, வேர் யாவும் இருதயத்தின் துடிப்பைக் குலைப்பவை. இலை காய்ந்து சருகானாலும் வீரியம் போவதில்லை. பெருஞ்சாலைகளின் நடுவே வரிசையாக நட்டிருப்பதும் இதுவே. மஞ்சள் அரளியின் கொட்டையும் அவ்வாறே. ஆமணக்கு விதையையும் குன்றிமணியையும் நாய் கடித்து மென்றால் ஆபத்து. பூங்காக்களில் அழகுக்காக வைக்கும் சைகஸ் செடி பார்வைக்குச் சின்னப் பனை. அதன் விதை கல்லீரலைக் கெடுத்துவிடும். செடிகளுக்கு உரமாகப் போடும் ஆமணக்குப் பிண்ணாக்கின் வாசனையோ நாய்க்கு விருந்துக்கு அழைப்பு மாதிரி!

எச்சில் இலைக் குவியல் இன்னொரு அபாயம். வெங்காயமும் பூண்டும், பச்சையானாலும் வெந்ததானாலும், நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. பலன் தெரியச் சில நாள் ஆகும். சாக்லெட்டில் உள்ள தியோபுரோமின் என்னும் சத்தை மனித உடம்பு விரைவில் கழித்துவிடுகிறது. நாயின் உடம்பு அதைக் கழிக்க வெகு நேரம் எடுத்துக் கொள்கிறது. 10 கிலோ எடையுள்ள நாய்க்குக் கறுப்புச் சாக்லெட் 40 கிராம் உள்ளே போனாலே வாந்தியும் படபடப்பும் வரலாம். சர்க்கரையில்லாச் 'சூயிங் கம்' பலவற்றில் இருக்கும் சைலிட்டால் இன்னும் துரிதமானது. அரை மணி நேரத்துக்குள் நாயின் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து, அது தள்ளாடி விழக்கூடும். நாம் துப்பிவிட்டுப் போவது இன்னொருவர் வீட்டு நாய்க்கு எமனாகலாம்.

மழைக்காலத்து இரவில் தேரை வேறு. அதைக் கவ்விய நாயின் வாயில் நுரை தள்ளும். உடனே தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி வாயை நன்றாகக் கழுவ வேண்டும்.

இனி, பாட்டி சொன்ன புளிக்கு வருவோம். திராட்சை தின்ற சில நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதாவது வெகு காலம் புதிராகவே இருந்தது. டார்டாரிக் அமிலம் காரணமாயிருக்கலாம் என்று 2021-ஆம் வருஷத்தில் அமெரிக்க மிருக வைத்திய நிபுணர்கள் சிலர் தெரிவித்தார்கள். பலகாரங்களில் சேர்க்கும் 'கிரீம் ஆப் டார்டார்' என்னும் உப்பைத் தின்ற நாய்களுக்கும் அதே நோய் கண்டதுதான் துப்பாக அமைந்தது. அடுத்த வருஷம் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையில் அதே ஜாபிதாவில் இன்னொரு பொருளும் சேர்ந்தது. அதுதான் நம் புளி! அந்த அமிலம் புளியில் மிகுதி. ஆகவே விஷத்தை முறிக்கவென்று நாய்க்குப் புளியைக் கரைத்து ஊற்றுவது, ஒரு விஷத்துக்கு இன்னொன்றைத் துணையாக அனுப்புவதாகும். மணிக்கு நாம் அதை ஊற்றாமல் விட்டது அறிவினால் அல்ல, சோம்பலினால். பங்குனியில் சாலையோரப் புளிய மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடக்கும்போதும் நாயை விலக்கி அழைத்துச் செல்வதே நலம்.

உப்புக் கரைசலும் கூடாது. உப்பு மிகுந்தாலே நாயின் மூளை பாதிக்கப்படும். பால் எந்த விஷத்தையும் முறிப்பதில்லை. மண்ணெண்ணெயோ திராவகமோ உள்ளே போயிருந்தால், வாந்தி எடுக்க வைப்பது தொண்டையையும் நுரையீரலையும் இரண்டாம் முறை புண்ணாக்கும். கறுப்புத் தூளாக வரும் ஸிங்க் பாஸ்பைடு என்னும் எலி மருந்து வயிற்று அமிலத்தோடு கலந்து விஷ வாயுவாகிறது. சோறு கொடுத்தால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். அந்த நாய் வாந்தி எடுத்தால் பக்கத்தில் இருக்கும் மனிதருக்கும் அபாயம். ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றே. தின்ற பொருளில் மிச்சம் இருந்தால், அல்லது அதைச் சுற்றியிருந்த உறை கிடைத்தால், காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக் கொள்ளுங்கள். தின்ற நேரத்தையும் உத்தேச அளவையும் நாயின் எடையையும் குறித்துக் கொள்ளுங்கள். வைத்தியருக்குப் போன் செய்து கொண்டே புறப்படுங்கள். நாய் வாலை ஆட்டுகிறதே என்று தங்கிவிடாதீர்கள்.

வைத்தியரிடம் ஓடும் நிலையே வராமல் இருக்க வழி என்ன? நாம் பாய்ந்து பிடுங்கினால், "இது உயர்ந்த பொருள், இவர் வருவதற்குள் விழுங்கிவிட வேண்டும்" என்ற பாடத்தைத்தான் நாய் கற்றுக் கொள்கிறது. துரத்தினாலோ, அதை விளையாட்டு என்று நினைத்து ஓடுகிறது. வேறு விதமாகப் பழக்க வேண்டும்.

கைக்குள் ஒரு தின்பண்டத் துண்டை மூடி நாயின் முன் நீட்டுங்கள். அது நக்கும், பிராண்டும். பேசாமல் இருங்கள். சலித்துப் போய் முகத்தைத் திருப்பிய அதே கணத்தில், மறு கையிலிருந்து அதைவிட ருசியான துண்டைக் கொடுங்கள். மூடிய கையிலிருந்ததை மட்டும் கொடுக்கவே கூடாது. இது பழகியபின் "விடு" என்ற சொல்லைச் சேர்த்துக் கொள்ளுங்கள். பிறகு துண்டைத் தரையில் வைத்து, பிறகு முற்றத்தில், பிறகு தெருவில். வாயில் ஏற்கெனவே கவ்விவிட்டதற்குத் "தா" என்று தனிப் பாடம். ஒன்றைப் பெற்றுக் கொண்டு மேலானதைக் கொடுக்கும் பண்டமாற்று. தினம் ஐந்து நிமிஷம் போதும். வீட்டிலுள்ள குழந்தைகள் உள்பட எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "விடு" என்றும் பிள்ளை "நோ" என்றும் சொன்னால் நாய் யாருக்குக் கீழ்ப்படியும்?

நடக்கும்போது வாரைக் குட்டையாகப் பிடியுங்கள். பத்தடி முன்னால் தரையைப் பாருங்கள். பசியோடு அழைத்துச் செல்லாதீர்கள். எவ்வளவு பழக்கினாலும் கேளாத நாய்க்கு, மாட்டுக்குக் கட்டும் வாய்க்கூடு மாதிரி கூடை வடிவமான ஒன்றை மாட்டலாம். வாயைத் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் அதில் இடம் இருக்க வேண்டும்.

இறுதியாக ஒரு வார்த்தை. நம் நாட்டில் எட்டிக்காயின் சத்தான ஸ்டிரிக்னைனைக் கொண்டு நகர சபைகள் தெரு நாய்களைக் கொன்ற காலம் ஒன்று உண்டு. இன்றும் ரகசியமாக மாமிசத்தில் விஷம் வைத்து எறிகிறவர்கள் இருக்கிறார்கள். 2024-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியன்று அமலுக்கு வந்த பாரதிய நியாய ஸம்ஹிதையின் 325-ஆம் பிரிவின்படி, எந்தப் பிராணிக்கும் விஷமிட்டுக் கெடுதல் செய்வது ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எறிந்த கவளம் தெரு நாய் எது, வீட்டு நாய் எது, காக்கை எது, தவழும் குழந்தை எது என்று பார்ப்பதில்லை. அப்படி ஒன்றைக் கண்டால் பத்திரமாக எடுத்து வைத்துப் போலீசுக்குத் தெரிவிப்பது அண்டை அயலாருக்கு நாம் செய்யும் உபகாரம்.

சென்ற வாரம் அதே மளிகைக் கடைச் சுவரோரம் மணி எதையோ கவ்வியது. கைபேசி வீட்டில் இருந்தது. நம் கண் மணியின் மேல் இருந்தது. "தா" என்றோம், நின்ற இடத்திலிருந்தே, சாதாரணக் குரலில். மணி ஒரு கணம் யோசித்தது. பிறகு வாயைத் திறந்து அந்தப் பொருளை நம் காலடியில் வைத்தது. குனிந்து பார்த்தால், அது வெறும் தோசைத் துண்டு! வியாபாரம் வியாபாரம்தானே? பையிலிருந்து அவித்த முட்டையில் பாதியை எடுத்துக் கொடுத்துவிட்டு, மேலே நடந்தோம்.