கடலடிக் கணக்கு – 9: உருண்டையும் மூட்டும்

மதுரைக்காரர்களுக்குக் கடல்தான் தூரம், வளைவு பழக்கமானது. திருமலை நாயக்கர் மகாலில், சொர்க்க விலாசத்தின் நடுவே நின்று அண்ணாந்து பாருங்கள். 1636-இல் எழுந்த மாளிகை. செங்கலும் சுண்ணாம்புக் காரையும்தான், உத்திரம் கிடையாது. செங்கலைச் செங்கல் நெருக்குவதால் கூரை நிற்கிறது. ஆனால் பாரம் தாங்காமல் குவிமாடத்தின் அடிப்பக்கம் வெளியே விரியப் பார்க்கும்; அதைப் பிடித்து நிறுத்தத்தான் அத்தனை பருமனான தூண்கள்.

கடலுக்குள் இறங்கும் உருண்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. எல்லாப் பக்கமும் தண்ணீர் உள்நோக்கியே நெருக்குகிறது. துண்டுகளாகச் செய்து பொருத்தினாலும், ஆழம் போகப் போக மூட்டு இறுகும்.

சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கிக் கலம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் பாரம் சுமார் 600 கிலோ. ஆட்கள் உட்காரும் உருண்டையின் உள்விட்டம் 2.1 மீட்டர், சுவர் 80 மில்லிமீட்டர் டைட்டானியக் கலவை. கணக்குப் போட்டால், அந்தச் சுவருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நாலாயிரம் கிலோவுக்கு மேல் நெருக்கம். இதையே உருளையாகச் செய்தால் நெருக்கம் இரட்டிப்பாகும், சுவரும் அதற்கேற்பத் தடிக்க வேண்டும். உருண்டையை விட்டால் வேறு வழியில்லை.

கடலே மூட்டை இறுக்குமென்றால், உருண்டையின் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டினாலே போதாதா? ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். 1960 ஜனவரி 23 அன்று மரியானா பள்ளத்தின் அடியைத் தொட்ட ‘ட்ரியெஸ்ட்’ கலத்தின் எஃகு உருண்டை, ஜெர்மனியின் க்ரூப் ஆலையில் மூன்று பாகமாகச் செய்தது: நடுவில் ஒரு வளையம், இருபுறமும் இரண்டு மூடிகள். ஒட்டியது எபாக்ஸி பசை. அதற்கு முந்தைய நவம்பரில் ஐயாயிரம் மீட்டருக்கு மேல் இறங்கித் திரும்பும்போது, வெடிச்சத்தம். பசை விட்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அடியில் ஒன்றும் ஆகவில்லை. கடலின் பிடி தளர்ந்து மேலே வந்தபோதுதான் மூட்டு விட்டது. பிறகு எஃகுப் பட்டைகளால் பூட்டித்தான் ஜனவரியில் இறக்கினார்கள். துணிச்சல்தான், ஆனால் அந்த வேலையை நான் நல்ல பொறியியல் என்று சொல்லமாட்டேன். 2023 ஜூனில் ஐவரோடு நொறுங்கிய ‘டைட்டன்’ கலமும் கார்பன் இழை உருளையின் நுனிகளில் டைட்டானிய வளையங்களைப் பசையால் ஒட்டியதுதான்.

மத்ஸ்யாவுக்குப் பசை இல்லை, வெல்டிங். நம் பட்டறை ஆர்க் வெல்டிங் இங்கே உதவாது. காய்ந்த டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். அதனால் காற்றையே வெளியேற்றிய அறைக்குள், எலெக்ட்ரான் கற்றையால் இரண்டு அரைக்கோளங்களையும் சேர்க்க வேண்டும். ராக்கெட்டுகளுக்காக இந்த வித்தையைப் பழகிய இஸ்ரோதான் கைகொடுத்தது. சுற்றி ஏழு மீட்டர் நீள மூட்டு. எங்கே ஒரு குமிழி தங்கினாலும் மொத்த வேலையும் வீண்.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த உருண்டையில், ஆள் நுழையவும் எட்டிப் பார்க்கவும் ஓட்டை போட்டாக வேண்டுமே! அந்த ஜன்னல் அக்ரிலிக்கில், வெளிப்பக்கம் அகன்று உள்ளே குறுகிய கூம்பாக இருக்கும். ஏன் என்பது அடுத்த வாரம்.