மிதிக்கக் கனக்கிறதா? செயினைப் பாருங்கள்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூல் கொண்டுபோகவும், பாலாற்றங்கரைக் கிராமங்களில் புல்கட்டும் பால் கேனும் ஏற்றிவரவும் இன்றும் சைக்கிள் துணையாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிளும் பல வீடுகளில் நிற்கிறது. டயருக்குத் தவறாமல் காற்று அடிப்பவர்கள்கூட செயினைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பழைய கிரீஸோடு ஆற்று மணல் சேர்ந்தால் அது அரம் மாதிரி வேலை செய்யும். கண்ணிகளுக்குள் இருக்கும் ஊசிகள் தேய்ந்து செயின் நீளும். நீண்ட செயின் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். பாரத்தோடு ஏற்றத்தில் மிதிக்கும்போது நழுவினால், ஆளும் பாலும் தரையில்தான். கேரியரில் பொட்டாஷ் மூட்டை ஏற்றுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அது உப்பு, சிந்தினால் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் விடுவது நல்லது.

சுத்தம் செய்ய ஒரு டம்ளர் மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் போதும். செயின் கவரைக் கழற்றி, பிரஷால் தேய்த்து, துணியால் துடைக்கவும். கீழ்ச் செயினின் நடுவில் துணியைப் பிடித்து, பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்ற வேண்டும். துணியின் நுனி தொங்கினால் பல்லில் சிக்கி விரலையும் இழுத்துவிடும். ஃப்ரீவீலில் மண்ணெண்ணெயை ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெயும் கரைந்து போய்விடும். கழுவிய அழுக்கு எண்ணெயை வாய்க்காலிலோ மாட்டுத் தொட்டிப் பக்கமோ கொட்டவே கூடாது. அடுப்பையும் பீடியையும் தள்ளியே வைக்கவும்.

நன்கு உலர்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். டிராக்டரில் வடித்த கழிவு ஆயிலில் இரும்புத் துகள் இருக்கும். இரண்டும் வேண்டாம். பெடலைச் சுற்றி எண்ணெயை உள்ளே இறக்கி, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைக்கவும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். எண்ணெய் உள்ளேதான் வேண்டும். வெளியே இருந்தால் மறுபடி மணலைத்தான் பிடிக்கும், பட்டு நூலிலும் கறை ஏற்றும்.

செயினைக் கழற்றி மாட்டினால், லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

தேய்மானம் பார்க்க ஒரு ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஊசிக்கு ஊசி அரை அங்குலம். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அது பன்னிரண்டே அரைக்கால் அங்குலத்தைத் தொட்டால் (அதாவது 12-க்கு மேல் 1/8), செயினை மாற்றுவதோடு ஃப்ரீவீலின் பற்களையும் கடைக்காரரிடம் காட்டிவிடவும்.